'இல்லை' என்ற சொல்லும் கடற்கோட்டைத் தேத்தண்ணீரும்

வீடு தேடி வந்த விருந்தாளிக்கு 'இல்லை' என்று சொல்லலாகாது என்றுதான் நம் நாட்டில் எல்லோரும் வளர்ந்தோம். அந்த விருந்தாளி நாட்டுக்குள் நுழையும் வழியையே கேட்டால் என்ன சொல்வது, நாச்சியாரே?

கார்மலைச் சிகரங்களுக்கு உடையவரும், வடக்குக் கணவாயின் திறவுகோலைத் தம் இடுப்பில் தாங்கியவருமான உமையாள் நாச்சியார் திருமுன்புக்கு, கடற்கோட்டையிலிருந்து தூதன் கடம்பவேல் தலைதாழ்த்தி எழுதும் ஓலை. அங்கே சுனைகள் வற்றாதிருக்க, மிளகுக்கொடி பட்டுப்போகாதிருக்க, காவல் முரசு அகால வேளையில் ஒலிக்க நேராதிருக்க. இங்கே கடம்பவேல் உடல்நலத்தோடு இருக்கிறான். வெளியே போக வழியில்லை என்பது ஒன்றுதான் குறை.

தூது போனவனின் வாய் அரசியின் வாய். ஆகவே அவன் தன்னை 'நான்' என்று ஓலையில் எழுதலாகாது என்பது நம் முறை. அந்த முறைப்படி, கடம்பவேலை ஓர் அயலானைப் போலத் தூரத்தில் நிறுத்தித்தான் இது எழுதப்படுகிறது. பொதிமாடு ஓட்டிக்கொண்டே சுங்கச்சாவடியில் எழுத்துக் கற்றவன் அவன். பிழை இருந்தால் அவைப் புலவர்கள் பொறுக்க.

அவன் கொண்டுவந்த செய்தி சிறியது. கணவாய் வழியே பீரங்கி வண்டிக்குப் பாதை வெட்ட நாச்சியார் இசையவில்லை. இதைக் கோட்டைத் தலைவர் பெல்லாமி துரையிடம் சொல்லிவிட்டு மறுநாளே மலையேறிவிடலாம் என்றுதான் மாட்டுக்குத் தீவனம்கூட அளவாகக் கட்டிக்கொண்டு வந்தான். வந்தவனுக்குக் கோட்டைக்குள்ளேயே தோட்டத்து வீடு ஒன்றைக் கொடுத்தார்கள். வாசலில் மரியாதைக்கு என்று காவலர்களை நிறுத்தினார்கள். அவன் வெளிவாசல் பக்கம் போனால் அவர்கள் சலாம் வைத்துக்கொண்டே வழியை மறிப்பார்கள்.

துரையைப் பார்க்கக் காலையில் போனால் துபாஷி சவரிநாதன் குறுக்கே வருவார். இரண்டு பாஷையும் அறிந்தவர்; துரையின் நாக்கு அவரே. "துரைக்கு இப்ப நேரமில்லைங்கய்யா. சாயங்காலம் டீக்கு வாங்க, பேசிக்கலாம்" என்பார். சாயங்காலம் போனால் வெள்ளித் தேத்தண்ணீர்ப் பானையோடு துரையின் மனைவி துரைசானி உட்கார்ந்திருப்பாள். தமிழை ஆயாவிடம் கற்றவள். யாரையும் 'நீ' என்றுதான் அழைப்பாள். கடம்பவேல் கணவாய் என்று வாயெடுத்தால், "டீ நேரத்துல வேலைப் பேச்சு கூடாது. நீ சாப்பிடு" என்பாள். துரை தலையாட்டிச் சிரிப்பார். அன்றைய பொழுது அதோடு முடியும்.

அந்த உபசாரமும் விநோதமானது. முதல் நாள் ரொட்டித் தட்டை நீட்டியபோது மரியாதைக்கு 'வேண்டாம்' என்றான். தட்டு நகர்ந்துவிட்டது. இரண்டாம் முறை வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. பசியோடு திரும்பியவனைப் பார்த்துச் சமையல்காரர் மஸ்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்னங்க தூதரய்யா, இவங்ககிட்டப் போய் வேணாம்னீங்களா? நம்ம ஊரு மாதிரி கையைப் புடிச்சு எலையில போடுவாங்கன்னு நெனைச்சீங்களாக்கும்! ஒரு தடவை வேணாம்னா வேணாம்தான். அதுக்கு மேல கேக்குறது மரியாதை இல்லைம்பாங்க. பசிச்சா வெக்கப்படாம எடுத்துத் தின்னுங்க."

மழைக்காலம் வந்து போயிற்று. ஒவ்வொரு நாள் காலையிலும் கோடாலிக்காரர்கள் அவன் வீட்டு வாசலைக் கடந்து மலைப்பக்கம் போனார்கள். அடிவாரம்வரை பாதை வெட்டியாயிற்று என்று பால் ஊற்றும் வேலம்மை சொன்னாள். அப்போதுதான் அவனுக்கு எல்லாம் விளங்கியது. மறுப்பு காதில் விழாதவரை, 'அரசியின் தூதர் தினமும் என்னோடு தேத்தண்ணீர் குடிக்கிறார், பேச்சு நட்பாக நடக்கிறது' என்று துரை தம் மேலாருக்கு எழுதலாம். அவன் குடித்த ஒவ்வொரு கோப்பையும் கணவாய்க்குப் போகும் வழியில் ஒரு மரத்தைச் சாய்த்திருக்கிறது.

இந்நிலையில் துரையின் மேலாரிடம் கடிதம் கொண்டுபோகும் கப்பல் ஒன்று வந்து நின்றது. அதன் தலைவர் நோலன் துரை. பருத்த மனிதர், வெடித்துச் சிரிப்பவர். அவர் காதில் மறுப்பு விழுந்துவிட்டால் பெல்லாமி துரை அதை மறைக்க முடியாது. ஆனால் அடுத்தவர் மேஜையில் வாய் திறந்தால் துரைசானி அடக்கிவிடுவாள். தன் வீட்டில், தன் மேஜையில் பேசினால் யார் தடுப்பது? கடம்பவேல் தானே ஒரு தேத்தண்ணீர் விருந்து வைப்பதென்று முடிவு செய்தான்.

துரைசானிக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. தன் பீங்கான் கோப்பைகளையும், மூன்றடுக்குத் தட்டையும், மஸ்தானையும் அனுப்பிவைத்தாள். தானே வந்து மேஜை விரிப்பை நீவினாள். "கேட்டுக்கோ. டீயை யார் ஊத்தறாங்களோ அவங்கதான் மேஜைக்கு எஜமான். நீதான் ஊத்தணும். பானையை யாருக்கும் குடுக்காதே" என்றாள். இத்தனை மாதத்தில் அந்தக் கோட்டையில் அவன் சாப்பிட்டானா என்று கேட்ட ஒரே மனுஷி அவள்தான். அது கடம்பவேலுக்கு நெருடிக்கொண்டே இருந்தது.

மஸ்தான் வெள்ளரிக்காயைக் கண்ணாடி போலச் சீவி ரொட்டிக்கு நடுவில் அடுக்கி, நாலு ஓரத்தையும் வெட்டித் தள்ளினார்.

"ஓரத்தை எறியறதுக்கு எதுக்குய்யா ரொட்டி சுடணும்?"

"நானும் வேலைக்கு வந்த நாள்லேருந்து கேக்குறேன். ஒருத்தனும் பதில் சொல்லலை. நீங்க அந்தப் பாலாடையைத் தொடாதீங்க, அது சின்ன ரொட்டிக்கு."

விருந்தினர் வந்தார்கள். இரண்டு துரைமாரும் துரைசானியும் அமர, துபாஷி பின்னால் நின்றார். கடம்பவேல் எல்லோருக்கும் ஊற்றினான். பாலும் சர்க்கரையும் கேட்டுப் போட்டான். வெள்ளரி ரொட்டியை நீட்டியதும் நோலன் துரை 'வேண்டாம்' என்று கையசைத்தபோது, பழக்கதோஷத்தில், "அட, வாய்க்கே பத்தாது, இன்னும் ரெண்டு!" என்று அவர் தட்டில் வைத்துவிட்டான். மறுபடி கையசைத்தார், மறுபடி வைத்தான். முகம் சிவக்கத் தின்றுவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் கோப்பைகள் அதிர்ந்தன.

நல்ல நேரம் என்று கடம்பவேல் தொண்டையைச் செருமினான். பெல்லாமி துரை முந்திக்கொண்டார். துபாஷி குனிந்து கேட்டு, மேஜை விரிப்பைப் பார்த்தபடியே பேசினார்.

"துரை சொல்றார்: விருந்து பிரமாதம். உங்க ஊர்ல, வீட்டுக்கு வந்த விருந்தாளி வாய்விட்டுக் கேட்டா, வீட்டுக்காரர் இல்லைன்னு சொல்றது வழக்கமே இல்லையாமே. துரை ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறார். கணவாய்ப் பாதை."

நம் வழக்கத்தைத் துரைக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

கடம்பவேலின் கையில் பானை நின்றது. நம் நாட்டில் அரிசி தீர்ந்துபோன வீட்டில்கூடப் பெண்கள் 'நிறைஞ்சிருக்கு' என்பார்களே தவிர 'இல்லை' என்று சொல்லமாட்டார்கள். அவன் வாயோ அரசியின் வாய். அது விருந்தாளிக்கு 'இல்லை' என்றால் நாச்சியாரின் வாசலே விருந்தை மறுத்ததாகும். வாயை மூடியிருந்தாலோ கப்பல்காரர் சம்மதம் என்று கொண்டுபோவார். பேசுவதற்காகத்தான் வீட்டுக்காரனானான். வீட்டுக்காரன் ஆனதாலேயே பேச முடியவில்லை. பொறியைத் தானே செய்து, தானே மசால்வடையும் வைத்து, தானே தலையை நுழைத்திருந்தான்.

"டீ நேரத்துல வேலைப் பேச்சு ஆகாதேம்மா" என்று துரைசானியைப் பார்த்தான்.

அவள் கணவரைப் பார்த்தாள். துரை சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். "அது அவர் வீட்டுச் சட்டமாம். இது உங்க வீடாம்" என்றார் துபாஷி. பிறகு குரலைத் தாழ்த்தி, "சொல்லிடுங்கய்யா. எத்தனை நாளைக்குத்தான் இங்கேயே கெடப்பீங்க? சரின்னுட்டா நாளைக்கே மலையேறலாம்" என்றார்.

நாளைக்கே. அந்தச் சொல் கடம்பவேலின் நெஞ்சில் ஒருமுறை புரண்டது என்பதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

அவன் எழுந்தான். மேஜையைச் சுற்றிப்போய், வெள்ளிப் பானையைத் துரைசானியின் முன்னே, பிடி அவள் பக்கம் இருக்கும்படி வைத்தான்.

"அம்மா, எனக்குக் கை நடுங்குது. நீங்க ஊத்துங்க."

"நானா? சந்தோஷம்!" அவள் பானையை எடுத்து எல்லோருக்கும் ஊற்றினாள். கடம்பவேல் முக்காலியை இழுத்து நோலன் துரைக்குப் பக்கத்தில், விருந்தாளி வரிசையில் உட்கார்ந்து, தன் கோப்பையையும் நீட்டி வாங்கிக் குடித்தான். கோப்பை காலியானதும் அவள் வழக்கம்போலக் கேட்டாள்: "இன்னும் கொஞ்சம்?"

"வேண்டாம்மா."

அவள் உடனே பானையைக் கீழே வைத்தாள்.

கடம்பவேல் துரையைப் பார்த்துத் திரும்பினான். "துரையவர்களே, இப்ப இந்த மேஜைக்கு அம்மாதான் எஜமானி. நானும் உங்களை மாதிரி விருந்தாளி. விருந்தாளி வேண்டாம்னா நீங்க ரெண்டாம் தடவை கேக்கமாட்டீங்க. கணவாய்ப் பாதை எங்களுக்கு வேண்டாம்."

சவரிநாதன் அதைத் துரையின் பாஷையில் சொல்லவில்லை. துரை அவரைப் பார்த்தார். அவர் விரிப்பைப் பார்த்தார். நோலன் துரை ரொட்டியைக் கையில் பிடித்தபடி, என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று தம் பாஷையில் எல்லோரையும் கேட்டார். துரைசானிக்கு அந்தச் சொல் புரிந்திருந்தது. தினமும் தட்டை நீட்டி அவள் கேட்டுப் பழகிய சொல். கணவரின் முகத்தைக் கவனிக்காமல், கப்பல்காரரிடம் அதை அவர்கள் பாஷையில் சொன்னாள். "நோ" என்றாள். பாதைக்கா என்று அவர் கேட்டிருக்க வேண்டும். "நோ" என்று கடம்பவேலும் சொன்னான். இத்தனை காலத்தில் அவன் பேசிய ஒரே ஆங்கிலம்.

பெல்லாமி துரை கரண்டியைக் கோப்பைக்குள் வைத்து, எழுந்து, விருந்துக்கு நன்றி சொல்லி, தொப்பியை எடுத்துக்கொண்டார். துரைசானி வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"நீ இனிமே டீக்கு வரமாட்டே" என்றாள். அது கேள்வியா, செய்தியா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"நல்லா ஊத்தினீங்கம்மா" என்று மட்டும் சொன்னான்.

நாச்சியார் அறியக்கடவது: 'இல்லை' என்ற சொல் தங்கள் வாயிலிருந்து எந்த விருந்தாளிக்கும் போகவில்லை. மறுப்பு சாட்சி முன்னே சொல்லப்பட்டாயிற்று. தூது முத்திரையின் உரிமையால் அடிவாரக் காவலர்க்கு ஆணை: இன்னும் நட்புப் பேச்சு நடக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பற்க, எல்லைக்கல்லைத் தாண்டும் கோடாலியைப் பிடுங்கி வைத்துக்கொள்க, ஆளுக்குச் சோறு போட்டுத் திருப்பி அனுப்புக. கடம்பவேலை மீட்பதற்காகக் கணவாயில் ஒரு சாண் நிலத்தையும் விலை பேச வேண்டாம் என்பது அவன் விண்ணப்பம்.

இவ்வோலை வேலம்மை கையில் வருகிறது. அவள் கேட்டால் உணவும் ஒரு கம்பளியும் கொடுக்க. அரக்குக் கிடைக்காமையால் மெழுகில் மிளகுக்கொடி முத்திரை இடப்பட்டது. மலை நிலைக்க, மலையுடையாள் நிலைக்க.

முத்திரைக்குக் கீழே சேர்த்தது:

மறுநாள் காலை கோடாலிக்காரர்கள் மலைக்குப் போகவில்லை. கப்பல் புறப்பட்டது. தோட்டத்து வீட்டை வெளியிலிருந்து பூட்டினார்கள்.