கையுறையோடு திறக்காத மூடி

அன்புள்ள அம்மா, நான் சுகம். உன் உடம்பு தேவலையா?

எங்கள் மாத்திரைக் கம்பெனிக்கு நேற்று ஓர் அக்கா வந்தார். உனக்கு வந்த அதே மார்புப் புற்றுநோய். அவருக்கு எலும்பு வரை பரவிவிட்டது. ஆனாலும் நோயாளிகளுக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறார். மேனேஜரிடம் தடித்த கையுறையை நீட்டி, "இதப் போட்டுக்கிட்டு உங்க மாத்திரை டப்பாவத் திறங்க சார். மருந்து ஏறுன கை இப்படித்தான் மரத்துப் போகும்" என்றார். மேனேஜர் பல்லைக் கடித்துப் பார்த்தார், மூடி அசையவில்லை. மூடியை மாற்றுவதாக அங்கேயே ஒப்புக்கொண்டார்.

"நான் இருக்கறப்பவே மாத்திடுங்க" என்று அக்கா சிரித்தார்.

அந்த மூடியை இறுக்கும் மெஷினில் நிற்பது நான்தான்.

உன் பழைய போர்வை ஒன்று அனுப்பு, துவைக்காவிட்டாலும் பரவாயில்லை. ஷிஃப்டுக்கு மணி அடிக்கிறது. மறைக்காமல் எழுது அம்மா: உன் டப்பாவை யார் திறந்து தருகிறார்கள்?