பில்லைக்குக் கேட்காது

கொழிஞ்சாம்பாறை,
காலை, பால் கறந்து முடித்த நேரம்.

அன்பு மகள் யோகப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாடுகளும் நலம், தென்னைக்குக் கிணற்றில் தண்ணீரும் போதுமானபடி கிடக்கிறது. அங்கே அயர்லாந்துக் குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது, கை கால் வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவுகிறாயா, நைட் டூட்டி முடிந்து வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறாயா என்பதே எனக்கு எந்நேரமும் கவலை. இதையெல்லாம் போனில் கேட்டால் ஆகாதா, ஏன் காகிதத்தில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறாள் என்று நினைப்பாய். இப்போது இந்த வீட்டில் போனில் ஒன்றையும் மறைத்துப் பேச முடியாது கண்ணு, அதனால்தான். போன வாரம் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். அப்பாவுக்கு நான் வெளிநாடு வந்த கோபம் இன்னும் தீரவில்லையா, காது மெஷின் வாங்கிக் கொடுத்தும் என்னோடு ஒரு வார்த்தை சேர்த்துப் பேச மாட்டேன் என்கிறாரே என்று கேட்டாய். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். பதில் ஒரு பூனைக்குட்டியில் தொடங்குகிறது, பொறுமையாகப் படி.

மளிகைக்கடை மொய்தீன் வீட்டுப் பூனை அரிசி மூட்டைச் சந்தில் குட்டி போட்டிருந்தது உனக்குத் தெரியும். அதில் வெள்ளைக் குட்டி ஒன்றை மொய்தீனின் சம்சாரம் சபியா மடியில் போட்டுக்கொண்டு வந்து, அக்கா, தேங்காய் ரூமில் எலி ஓடுதுன்னு சொன்னீங்களே, வச்சுக்கங்க என்று விட்டுப் போனாள். மூக்கு நுனி மட்டும் ரோஸ், மற்றபடி உடம்பெல்லாம் பால் வெள்ளை, கண் இரண்டும் நீலம். வெள்ளை மாட்டைப் பில்லை என்று சொல்வோமே, அந்தப் பெயரையே அப்பா இதற்கும் வைத்துவிட்டார். எலி பிடிக்க வந்தது எலியைத் தவிர எல்லாவற்றையும் பிடித்தது. என் சேலை முந்தானை, அப்பாவின் துண்டு, துடைப்பக் குச்சி, காலையில் பேப்பர் படிக்கும்போது திரும்புகிற பக்கம், ஒன்றையும் விட்டதில்லை. அப்பா கையை நீட்டி நீட்டி விளையாடி, கை முழுக்கக் கீறல். சபியா பார்த்துவிட்டு, கையை வச்சு விளையாடினா கையைத்தான் கடிக்கும், பெரிசானா விட மாட்டாது, ஒரு குச்சியில துணியைக் கட்டி ஆட்டுங்க, கடிச்சா உடனே எந்திரிச்சுப் போயிடுங்க என்றாள். அப்பாவுக்கு அது சரியாகக் கேட்கவில்லை என்பதால் நான் கத்திச் சொன்னேன். கத்தியதற்குக் கோபித்துக்கொண்டார், ஆனால் குச்சியை எடுத்துக்கொண்டார். பழைய சாந்துச் சட்டியில் மணல் கொட்டி மூலையில் வைத்து, சாப்பிட்டதும் தூக்கிக்கொண்டுபோய் அதில் விட்டேன். அதை மட்டும் சொல்லாமலே கற்றுக்கொண்டது, அந்த விஷயத்தில் மகாராணி.

மற்றதையெல்லாம் பழக்கும் பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார். அவர் காளை பழக்கியவர் அல்லவா, ரேக்ளா வண்டிப் பந்தயத்துக்குப் பழக்க எந்த ஊர்க்காரன் கொண்டுவந்து விட்டாலும் இவர் நாக்கைச் சொடுக்கினால் காளை நின்ற இடத்தில் திரும்பும். கம்பு எடுத்தது கிடையாது, எல்லாம் குரல்தான். அதே நாக்குச் சொடுக்கை இந்தக் கையளவுக் குட்டியிடம் காட்டினார். ஹோய் என்றார், பா என்றார், பில்லே பில்லே என்று வாசலே அதிரக் கூப்பிட்டார். அது திரும்பிக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருக்கும். ஊடு கொள்ளாத காளையெல்லாம் எம் பேச்சக் கேட்டுச்சு, இத்தினியூண்டு உடம்புல எத்தன திமிரு பாரு என்று அவருக்கு முகம் சிவந்துவிடும். நான் அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பேன். அவமானப்பட்டவர் மாதிரி ஒரு நாள் முழுக்க அதனோடு பேசாமல்கூட இருந்தார், அது அதையும் கண்டுகொள்ளவில்லை.

மாரியம்மன் நோம்பிக்கு வெடி போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. வெடிச் சத்தத்தில் நாய்களெல்லாம் கட்டிலுக்கு அடியில் நுழைந்துவிட்டன, மாடு கயிற்றை இழுக்கிறது, ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கிறது. இது சாக்கின்மேல் மல்லாந்து படுத்துத் தூங்குகிறது, காது மடல்கூட அசையவில்லை. அடுத்த நாள் தூங்கும்போது தலைமாட்டில் நின்று தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டிப் பார்த்தேன், அப்போதும் ஒன்றுமில்லை. நீலக்கண் வெள்ளைப் பூனையில் சிலதுக்குப் பிறவியிலேயே காது கேட்காதுங்க்கா என்று சபியா சொன்னாள். அப்பாவிடம் சொன்னேன். குட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வெகு நேரம் தடவிக் கொடுத்தார். பாவம், கேக்காத பிராணிய வாய் கிழிய வஞ்சுபோட்டேனே என்றார். அதிலிருந்து அதை ஒரு சொல் திட்டியதில்லை. சிமெண்ட் தரையில் குதிகாலால் ரெண்டு தட்டு தட்டினால் அதற்கு உடம்பில் தெரிகிறது என்று அவரே கண்டுபிடித்தார், தட்டியதும் வந்தால் ஒரு துளி மீன். சாயங்காலமானால் டார்ச்சை சுவரில் அணைத்து அணைத்துப் போடுவார், எந்த மூலையில் இருந்தாலும் பாய்ந்து வரும். உள்ளங்கையைக் காட்டினால் நிற்கும். கொஞ்ச நாளில் இந்த வீட்டுக்குள் இரண்டும் சத்தமே இல்லாமல் பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டன. எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. ஒரு நாள் பொறுக்க முடியாமல், அதுக்குக் காதுல மாட்ட ஒண்ணும் கெடையாதுங்க, உங்களுக்கு பீரோவுல இருக்குது என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆமாம் கண்ணு, பீரோவில்தான் இருந்தது. லீவில் வந்தபோது கோயமுத்தூர் கூட்டிப்போய் டெஸ்ட் செய்து நீ வாங்கிக் கொடுத்த மெஷினை, நீ விமானம் ஏறிய அன்றே கழற்றிப் பெட்டியில் போட்டு உள்ளே வைத்துவிட்டார். கேட்டால், எனக்கென்ன காது மந்தமா, இப்பல்லாம் எல்லாரும் வாய்க்குள்ளயே பேசறாங்க என்பார். பால் சொசைட்டியில் யாரோ ஒருத்தன் பின்னால் நின்று கேலி பேசினானாம், அதிலிருந்து பாலையும் என் கையில்தான் கொடுத்து அனுப்புகிறார். உன்னிடம் மட்டும் தெனமும் மாட்டறேன் சாமி என்று சொல்லிவைத்தார். நீ கஷ்டப்பட்டு வாங்கியதைப் போடவில்லை என்று சொல்ல அவருக்கு வெட்கம். நீயோ, மெஷினும் போட்டிருக்கிறார், பிறகும் சாப்டியா சாமி, இந்தா அம்மாகிட்டப் பேசு என்று போனைத் தள்ளிவிடுகிறார் என்றால் கோபம்தான் என்று முடிவு கட்டிவிட்டாய். அவருக்கு உன் குரல் கேட்கவில்லை, அவ்வளவுதான். நீ என்ன சொல்கிறாய் என்று தெரியாமல் தப்பாகப் பதில் சொல்லிவிடுவோமோ என்று பயந்துதான் போனை என் கையில் கொடுப்பார். இதை நான் ஜாடையாகச் சொன்னபோது, நீ எப்போதும் அப்பாவுக்கே பூசி மெழுகுவாய் என்றாய். அவருக்கு நீ அனுப்புகிற பேச்சு மெசேஜ்களும் அப்படித்தான். திறந்து காதில் வைப்பார், உன் போட்டோவைப் பார்ப்பார், சரி சரி என்று தலையாட்டிவிட்டு வைத்துவிடுவார்.

போன வியாழக்கிழமை பொள்ளாச்சியில் கமலாத்தாள் அக்கா பேத்திக்குக் காதுகுத்து. நான் மட்டும் காலை பஸ்ஸில் போனேன், பில்லையைத் தனியாக விட முடியாது என்று அப்பா இருந்துகொண்டார். அன்றைக்குத்தான் தேங்காய் வியாபாரி நல்லதம்பியின் ஆட்கள் தேங்காய் போட வந்திருக்கிறார்கள். உரித்த மட்டையை மாட்டுக் கொட்டகைச் சுவரை ஒட்டி மலையாகக் கொட்டிவிட்டு, தேங்காய் ரூம் கதவைத் திறந்தபடி விட்டுப் போய்விட்டார்கள். மத்தியானம் மீன் வைத்துக்கொண்டு இவர் தரையைத் தட்டியிருக்கிறார், வரவில்லை. வெளியில் போய்த் தட்டியிருக்கிறார், செம்மண்ணில் தட்டினால் என்ன தெரியும். பட்டப்பகலில் டார்ச்சை அடித்துக்கொண்டு தோப்பெல்லாம் சுற்றியிருக்கிறார். கூப்பிடலாம் என்றால் அதற்குக் கேட்காது. அது கத்துகிறதா என்றால் இவருக்குக் கேட்காது. பில்லை கத்தினால் சபியா வீடு வரை கேட்கும் என்று நான் சொல்லியிருக்கிறேன், தன் சத்தம் தனக்கே தெரியாததால் அது தொண்டை போகக் கத்தும். அந்தச் சத்தத்தை இவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ரோட்டில் வேறு லாரிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. மனுசனுக்கு வாசலுக்கும் தோப்புக்கும் நடந்து நடந்து கால் சோர்ந்துபோய், இதை அவரே என்னிடம் சொன்னார், ரெண்டு பேருல ஒருத்தருக்காச்சும் கேக்கோணுமே என்று தோன்றியதாம். நேராகப் போய் பீரோவைத் திறந்திருக்கிறார்.

புது பேட்டரியின் ஸ்டிக்கரைப் பிய்த்துப் போட்டு, மாட்டத் தெரியாமல் மாட்டி, முதலில் அது கீயென்று அலறியதாம். நீ அன்றைக்குச் சொல்லிக் கொடுத்தபடி கொஞ்சம் அழுத்தி வைத்ததும் அடங்கியிருக்கிறது. முதலில் கேட்டது தன் செருப்புச் சத்தமாம். பிறகு தென்னை ஓலை உரசுவது. எங்கோ மயில். பொள்ளாச்சி பஸ் ஹாரன். அதற்கெல்லாம் பின்னால், கொட்டகைப் பக்கம், மெலிசாக ஒரு கத்தல். மட்டைக் குவியல் சரிந்து சுவருக்கும் அதற்கும் நடுவில் பில்லை மாட்டிக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டு இழுத்தால் எல்லாம் அதன்மேல் சரியும் என்று ஒவ்வொரு மட்டையாக எடுத்து வைத்து, நின்று காது கொடுத்துக் கேட்டு, மறுபடி ஒன்றை எடுத்து, இப்படியே அதன் குரலைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கிறார். வெளியே எடுத்து நெஞ்சோடு அணைத்ததும் அது இவர் காதுக்கு நேராக ஒரு கத்தல் கத்தியதாம். இத்தன சத்தமா போடும் இந்தக் கழுத என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. காலில் லேசான சிராய்ப்பு தவிரப் பில்லைக்கு ஒன்றுமில்லை, மஞ்சள் போட்டேன், ஆறிவிட்டது.

ஆனால் நான் பொழுதோடு வந்தபோது அவர் இதில் ஒன்றும் சொல்லவில்லை. காதை மறைத்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு திரும்பி உட்கார்ந்திருந்தார். நான் வழக்கம்போல அடுப்படியில் நின்று முனகிக்கொண்டிருந்தேன், நாள் முழுக்க ஊட்டுல இருந்தும் ஒரு சொம்பு தண்ணி மோந்து வைக்கல, இவரைக் கட்டிக்கிட்டு நான் என்ன சுகத்தைக் கண்டேன் என்று. வாசலிலிருந்து, கேக்குது புள்ள, என்னைக் கொஞ்சம் மெதுவா வய்யி என்று குரல் வந்தது. என் கையிலிருந்த சொம்பு கீழே விழுந்து உருண்டது. அதற்கு, அதுவும் கேக்குது என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது கண்ணு. இத்தனை வருசமாக மனசில் இருப்பதையெல்லாம் அடுப்படியில் கொட்டி ஆற்றிக்கொண்டிருந்தேன், இனி அந்த வசதி எனக்குப் போய்விட்டது. போனில் உன்னிடம் அவரைப் பற்றி ஒரு சொல் சொல்ல முடியாது. போகட்டும், போனது நல்லதற்குத்தான்.

இனிதான் உனக்கு வேண்டிய சேதி. அடுத்த நாள் காலையிலிருந்து அவர் பில்லையை மடியில் போட்டுக்கொண்டு, போனை எடுத்து, நீ அனுப்பிய பேச்சு மெசேஜையெல்லாம் முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து சொல்வார். யோகா கார் லைசென்ஸ் வாங்கிட்டாளாம் என்றார். நீ வாங்கி எத்தனை மாசமாயிற்று, நானும் அப்படிங்களா என்று கேட்டுக்கொண்டேன். அங்க பனி பெஞ்சு பஸ்ஸே ஓடலையாம், புள்ள நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போச்சாம் என்று பதறினார், அது போன மார்கழி. ஒரு வயசான அம்மா உனக்குக் கம்பளித் தொப்பி பின்னிக் கொடுத்ததைச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். எல்லாம் இன்றைக்கு நடந்த மாதிரியே சொல்கிறார், நானும் இன்றைக்குக் கேட்ட மாதிரியே கேட்டுக்கொள்கிறேன். ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. சித்திரை விசுவுக்கு நீ அழுதுகொண்டே அனுப்பினாயே, அப்பா எங்கூடப் பேசுங்கப்பா, கோபமா இருந்தா என்னை வையுங்க, வைய்யறதுக்காச்சும் பேசுங்க என்று, அது வரிசையில் வந்துகொண்டிருந்தது. அழித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன், பிறகு அது உன் பேச்சு, அதை அழிக்க நான் யார் என்று விட்டுவிட்டேன்.

இன்று விடியற்காலை அதைக் கேட்டுவிட்டார். நான் பால் கறந்துகொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து அந்தக் குரல் ஒரு தடவை கேட்டது, திரும்ப இன்னொரு தடவை கேட்டது. எழுந்து வந்து மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே என் பக்கத்தில் நின்றார். நான் கோவமா இருக்கறேன்னா இந்தப் புள்ள நெனச்சிருக்குது என்றார். பிறகு, அங்க இப்ப மணி என்ன இருக்கும் என்று கேட்டார். அவளுக்கு இப்போ நடுராத்திரிங்க, தூங்குவா என்றேன். சரி, எழுப்ப வேண்டாம் என்று போய் வாசல்படியில் உட்கார்ந்தார். இதை எழுதும்போதும் அங்கேதான் இருக்கிறார், போன் கையில், பில்லை மடியில். காப்பி கொடுத்தேன், ஆறிக்கொண்டிருக்கிறது.

எழுந்ததும் பல்கூட விளக்க வேண்டாம், அவருக்குப் போன் பண்ணு. என் நம்பருக்குப் பண்ணாதே, அப்பா நம்பருக்கே பண்ணு. கத்திப் பேசாதே, கத்தினால் கோபம் வரும், நீ எப்போதும் பேசுகிற மாதிரி பேசினால் போதும். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. அவருக்கு முதலில் பேச்சு வராது, கொஞ்சம் பொறுத்துக்கொள். நீயும் அழுதால் அழுதுகொள், தப்பில்லை. மாரியம்மன் உன்னை நோய்நொடி இல்லாமல் கூடவே இருந்து காப்பாற்றட்டும், போகிற இடமெல்லாம் உனக்கு நல்லதாகவே நடக்கட்டும். ராத்திரி தலைக்குக் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு படு. அப்பா என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியாது கண்ணு, ஆனால் இந்தத் தடவை போனை என் கையில் கொடுக்க மாட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ராமாத்தாள்