பிரமிடு படம் போட்ட அட்டை

தானே புயல் அடித்து ஓய்ந்த பிறகு வந்த மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

கப்பலில் வேலை பார்த்த அந்தோணி ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் எனக்கு அனுப்பிய பட அட்டைகளில், புயல் மழைக்குத் தப்பியது கொஞ்சம்தான். அவற்றை எடுத்துக்கொண்டு இன்று சிதம்பரம் போய் அவன் தங்கை பிலோமினாவைப் பார்த்தேன்.

அந்தக் காலத்தில் அவனுக்கும் எழுத்து தெரியாது, எனக்கும் தெரியாது. நான் கற்றுக்கொண்டது வயதான பிறகு, அறிவொளி வகுப்பில். அதனால் ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். விலாசத்தை மட்டும் கப்பலில் யாராவது எழுதிக் கொடுப்பார்கள். விலங்குப் படம் வந்தால் நன்றாக இருக்கிறான். பழைய கட்டடம் வந்தால் உடம்பு சரியில்லை. அவன், நான், பிலோமினா, எங்கள் மூன்று பேருக்குத்தான் இது தெரியும்.

ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்ததும் பிலோமினா சிரித்தாள். "ஒங் கழுத்து மாதிரியே இருக்குன்னு என்ன கேலி பண்ணீங்களே அண்ணே!"

அடுத்து பிரமிடு படத்தை எடுத்தாள். கடைசியாக வந்த அட்டை அதுதான். அது வந்த அன்று மாதா கோயிலில் விழுந்து அழுதவள் அவள். அதற்குப் பிறகு அவன் செத்த தகவல்தான் வந்தது.

"எம்மாம் பெரிய கோபுரம்! எங்கண்ணன் இப்ப இந்த ஊர்லதான் இருக்காரா? நல்லா இருக்காரா?"

"கொஞ்ச நாளா இப்பிடித்தான் மாமா" என்றாள் அவள் மகள், மெதுவாக.

"நல்லா இருக்கான் தங்கச்சி" என்றேன்.

"ஈஸ்டருக்காவது வரச் சொல்லுங்க."

கடலூர் வரும்வரை அந்த அட்டையை மடியிலேயே வைத்திருந்தேன். படத்தைப் பார்த்ததும் அவன் சொல்ல வந்தது புரிகிற ஆள் இனி ஒருத்தன்தான் உயிரோடு இருக்கிறான். தங்கராசு, நான்தான்.