ஒரே ஆள், நாலு பேர்

மார்ச் 3, செவ்வாய்
பதினோரு வருடம் வார்டில் நர்ஸாக இருந்தவளை ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் உட்கார வைத்து இன்றோடு மூன்று வாரம். எல்லாப் பிரிவையும் இணைக்கும் புது மென்பொருள் வருகிறது. எந்தத் தகவல் எங்கே இருக்க வேண்டும், யார் மாற்றலாம், யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நான் வரைந்து கொடுக்க வேண்டுமாம். "டேட்டா ஆர்கிடெக்சர்" என்கிறார் பிரிவுத் தலைவர். தலையாட்டுகிறேன். ஒரு மண்ணும் புரியவில்லை.

மார்ச் 5, வியாழன்
புரிந்துவிட்டது. புரிந்தே விட்டது.

பழைய நோயாளி ஒருத்தியைத் தேடிப் பார்த்தேன். பதிவு மேஜையில் ஓர் எண், பரிசோதனைக் கூடத்தில் இன்னொன்று, மருந்தகத்தில் வேறு, வார்டில் வேறு. ஒரே மனுஷி நாலு பேராக இருக்கிறாள். 'பென்சிலின் ஆகாது' என்று வார்டில் பதிந்தது நானேதான். மருந்தகப் பதிவில் இருக்கும் அதே மனுஷிக்கோ எல்லாம் ஆகும். அப்படியானால் இத்தனை வருடம் யாருக்கு எழுதினேன்?

அதே நிமிடம் குதிக்கவும் தோன்றியது. ஆளுக்கு ஒரே எண். ஒவ்வொரு தகவலுக்கும் ஒரே இடம். மற்றவர்கள் நகல் வைக்காமல் அங்கேயே வந்து பார்க்க வேண்டும். இவ்வளவுதானே! இதே நினைப்பில் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மார்ச் 6, வெள்ளி
"ரெண்டு நாளா தனியா சிரிக்கிறியே, யாரு அது?" என்றார் வீட்டுக்காரர்.
"ஒரு அட்டவணை."
பாவம், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 10, செவ்வாய்
இந்த யோசனையைச் சொன்ன கூட்டத்தில் சொதப்பல். மருந்தகத்துத் தலைமை அக்காவுக்கு 'கறார்' என்று பெயர், சும்மா வைக்கவில்லை. "எங்க பட்டியல்ல வேற யாரும் கை வைக்கக் கூடாது. வார்டுல தப்பா தட்டுவீங்க, பழி எங்க தலையில விழும்." வரைந்ததைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நர்ஸாவே இருந்திருக்கலாமோ?

மார்ச் 11, புதன்
காலையிலேயே கறார் அக்காவின் கவுண்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு மருந்துச் சீட்டுக்கும் வார்டுக்குப் போன் அடிக்கிறார், நோயாளிக்கு என்ன ஆகாது என்று கேட்க. "நாலு தடவை அடிச்சா ஒரு தடவை எடுக்குறீங்க."
"எடுக்காதவங்கள்ல நானும் ஒருத்திக்கா."
முதல் தடவையாகச் சிரித்தார். அந்தத் தைரியத்தில் சொன்னேன்: ஒவ்வாமையை வார்டு மட்டும்தான் எழுதும், டாக்டர் உறுதி செய்வார், மருந்தகத் திரையில் அதைப் பார்க்காமல் மருந்து நகராது.
"யார் எழுதினதுன்னு தெரியுமா?"
"பேரும் நேரமும் பக்கத்துலயே இருக்கும்."
"அப்ப சரி."
அப்ப சரி! மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறினேன். இந்த முழங்காலோடு.

ஏப்ரல் 20, திங்கள்
புது மென்பொருள் இன்று ஓட ஆரம்பித்தது. யாரும் திட்டவில்லை. சந்தேகமாக இருக்கிறது.

ஏப்ரல் 28, செவ்வாய்
பத்து மணிக்குக் கறார் அக்கா கூப்பிட்டார். "ஏழாம் வார்டு அம்மாவுக்கு எழுதின ஊசி ஆகாதாம். திரை சிவப்பா நின்னுடுச்சு. நான் குடுக்கல, டாக்டர் மாத்திட்டார்." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

ஏழாம் வார்டுக்கு ஓடினேன். அந்த அம்மா கட்டிலில் சாய்ந்து, ரொட்டியைப் பாலில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
"என்னம்மா அப்படிப் பார்க்குற?"
"சும்மாதாம்மா."
"பால்ல சர்க்கரையே இல்ல. யார்கிட்டயாவது சொல்லேன்."
சொல்லிவிட்டு வந்தேன்.