நாற்பத்தோராம் நிமிஷத்துக் கார்னர்

அன்பு மகனுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் மாமா எழுதும் கடிதம். இங்கே மூன்று பேரும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். அங்கே நீ கை கால் முழுசாக இருப்பாய் என்று நம்புகிறேன். கோல்கீப்பரிடம் அதற்குமேல் என்ன சுகம் விசாரிப்பது?

அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. மருந்து வாங்கப் போயிருக்கிறாள். அவள் திரும்புவதற்குள் இதை முடிக்க வேண்டும். ஒழுகிக்கொண்டிருந்த குளியலறைக் குழாயை மாமா மாற்றிவிட்டான். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு எப்படி மரை பிடித்தானோ, இப்போது ஒரு சொட்டு கசிவதில்லை. வரிகள் கோணலாகப் போயிருந்தால் பொறுத்துக்கொள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் போனில் சொன்னாய்: "மேனேஜர் சொல்லிட்டாருப்பா, ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல எதிர் டீம் ஒன்பதாம் நம்பரை முதல் கார்னர்லயே முடிச்சிடணுமாம். முடிச்சா அடுத்த சீசனும் கோல்ல நான்தான். இல்லன்னா பெட்டியக் கட்ட வேண்டியதுதான்." எப்படி முடிப்பாய் என்று கேட்டேன். "சத்தம் குடுக்காம வந்து முட்டிக்காலத் தூக்கிடுவேன், அவ்வளவுதான்" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. போனில் புத்தி சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

கீழ் டிவிஷனில் பத்தொன்பது வருஷம், ஐந்து கிளப்புக்குக் கோலில் நின்றவன் நான். எனக்குப் பட்டப்பெயர் சுத்தியல். குத்தினால் பந்தும் போகும், பல்லும் போகும். கோலுக்குப் பின்னாலிருந்து பாட்டில் எறிவார்கள். ஒருமுறை பின்மண்டை பிளந்து முதுகோடு ஜெர்சி ஒட்டிக்கொண்டது. ரெஃபரி, "ஆடுறியா, போறியா?" என்றார். ஆடினேன். மூக்கு மூன்று தடவை உடைந்தது. ஒருத்தன் தாடையை நான் உடைத்தேன். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எதிரணி ஒன்றில் ஆணி என்று ஒரு ஃபார்வர்ட் இருந்தான். பந்தை நான் அணைத்துக் கிடக்கும்போது என் இடது கட்டைவிரல் மேல் பூட்ஸோடு ஏறி நின்று திருகினான். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. "இனிமே எப்படிய்யா பந்து புடிப்ப?" என்று குனிந்து கேட்டான். விரல் கோணலாகத்தான் கூடியது. நான்கு மாதம் கழித்து அதே அணியோடு மறு ஆட்டம். மழை, கணுக்கால் வரை சேறு. நாற்பத்தோராம் நிமிஷம் இடது பக்கத்திலிருந்து கார்னர்.

கோல் கோட்டைத் தாண்டி வெளியே வரும் கோல்கீப்பர் "எனக்கு!" என்று கத்த வேண்டும். கத்தினால் நம் ஆட்கள் விலகுவார்கள். உனக்குத் தெரியாததா? நான் கத்தினேன், கூட்டத்தின் இரைச்சலில், எங்கள் அணியில் தடுப்பாட்டக்காரனாக நின்ற உன் மாமாவுக்குக் கேட்கவில்லை, குறுக்கே வந்துவிட்டான் என்றுதான் ஊருக்கும் உன் அம்மாவுக்கும் உனக்கும் சொல்லியிருக்கிறேன்.

நான் கத்தவில்லை.

கத்தினால் ஆணி சுதாரித்துவிடுவான். அவன் விலாவை நொறுக்கத்தான் வந்தேன். பந்தைப் பார்க்கவேயில்லை. சத்தம் வராததால், பந்து தன்னுடையது என்று உன் மாமா ஓடிவந்து எம்பினான். என் முழங்கால் முட்டி அவன் இடது கண்ணில் இறங்கியது. எலும்பு உள்ளே அமுங்கியதை இந்த முட்டி இன்றைக்கும் மறக்கவில்லை. சேற்றில் கிடந்தவனைப் புரட்டினேன். கண் இருந்த இடத்தில் ரத்தம் கொப்பளித்தது. ஆணிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்தான் வாய் திறந்தான். "மன்னிச்சிடு மச்சான், உன் சத்தம் என் காதுல விழல" என்றான். "பரவாயில்லடா" என்றேன் நான். பரவாயில்லையாம்!

இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. உன் மாமா எழுந்து போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றான். திரும்பி வந்து என் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினான். "முப்பத்தோரு வருஷமா என் காதைச் சந்தேகப்பட்டேன்டா. காது டாக்டர்கிட்ட ரெண்டு தடவை போனேன்டா" என்றான். ஒரே குத்து. உதடு கிழிந்துவிட்டது. நான் கையைத் தூக்கவில்லை. நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்து, "ம், சொல்லு" என்றான். இதையும் எழுதச் சொன்னேன். எழுதுகிறானா என்று பார்க்க எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் எழுதியிருப்பான்.

முகத்துக்கு நேரே இதைச் சொல்ல இத்தனை வருஷம் எனக்குத் தைரியம் வரவில்லை. உனக்குக் கடிதம் என்று உட்காரவைத்துத்தான் சொல்ல முடிந்தது. அம்மாவிடமும் இன்றைக்கே சொல்வேன். வாசல் கதவு கிறீச்சிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை கார்னர் வந்தால் கத்து மகனே. பந்தை மட்டும் பார். பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தாலும் உன் அறை அப்படியே இருக்கிறது. முழுசாக வா; எவனையும் குறையாக்கிவிட்டு வராதே.

இப்படிக்கு,
உன் அப்பா

மருமகனே, கீழே இருப்பது உன் அப்பா கைநாட்டு. விரல் கோணல் என்பதால் தானாகச் சரியாக விழாது. மை தடவி, பிடித்து அழுத்தியது நான். கத்திடுப்பா.
மாமா