வெள்ளைச் சட்டைக்கு வேலை கிடைத்தது

ஜூன் 15, 1988. புதன், இரவு.

இதனால் ஆவடி வட்டார மக்களுக்கு அறிவிப்பது: என்னுடைய ஒரே வெள்ளைச் சட்டைக்கு இன்று வேலை கிடைத்துவிட்டது. சம்பளம் மட்டும் உள்ளே இருந்த சூசைக்குப் போகும்.

சூசை என்னோடு பிளஸ் டூ காமர்ஸ் படித்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கணக்கு எழுத ஆள் தேடி அவனை இன்டர்வியூவுக்கு அழைப்பதாக, டைப்ரைட்டிங் வகுப்பில் நானே கடிதம் அடித்துத் தபாலில் போட்டேன். சட்டையும் இரவல் கொடுத்தேன். வாட்ச்மேன் துரத்துவான், ஒரு வாரம் சிரிக்கலாம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் மைசூர்பாகோடு வந்தான்.

"மச்சான், மேனேஜரு லெட்டர பாத்துட்டு, 'இத நாங்க அனுப்பலியே'ன்னாரு. அப்பால, 'வந்ததுதான் வந்துட்ட, குந்து'ன்னு ஒரு ட்ரையல் பேலன்ஸ் குடுத்தாரு."

"ரெண்டு பக்கமும் டேலி ஆச்சாடா?"

"எங்க ஆச்சு? மூணு தபா கூட்டியும் தொண்ணூறு ரூபா இடிச்சிகினே கீது. 'ஆவல சார்'னு அப்டியே குடுத்துட்டேன். திங்கக்கெழமைலேர்ந்து வரச் சொல்லிட்டாரு! லெட்டர் போட்ட புண்ணியவான் நல்லா இருக்கணும்டா."

கடித்த மைசூர்பாகைத் திரும்பப் பொட்டலத்திலேயே வைத்தேன்.

அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான் என்று நாளை தெரு முழுக்கச் சொல்வேன்.

சொல்ல மாட்டேன். அந்தக் கம்பெனி விலாசம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். போன மாதம் அதே மேனேஜர் என்னைத் திருப்பி அனுப்பினார். அன்றைக்கும் இதே சட்டைதான். எனக்கும் அதே தொண்ணூறு இடித்தது. நான் ஒரு எண்ணைத் திருத்திவிட்டு, "டேலி ஆயிடுச்சு சார்" என்று நீட்டினேன்.