யாழினியின் கண்ணுக்கு மாமாவின் மாத்திரை

ஜூன் 2, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். கிள்ளானில் காற்று என்பதே இல்லை. பள்ளிக்கு லீவு. யாழினியைத் தூக்கிக்கொண்டு நானும் மாலதியும் மருத்துவமனைக்கு. இடது மேல் இமையில் இருக்கும் சிவப்புக் கட்டி இன்னும் உப்பிவிட்டது. பிறந்த புதிதில் கொசுக்கடி மாதிரி இருந்தது. நான்கு மாதத்தில் பாதிக் கண்ணை மூடிவிட்டது.

டாக்டரம்மா குழந்தையின் இடது கண்ணைக் கையால் மறைத்தார். யாழினி சும்மா இருந்தாள். வலது கண்ணை மறைத்தார். வீல் என்று ஒரே கத்தல். அந்தக் கத்தலின் அர்த்தம் சொல்லாமலே புரிந்தது: இடது கண் பார்க்கவில்லை.

ரத்தநாளக் கட்டி. வருடக்கணக்கில் தானே கரையும், ஆனால் கண் காத்திருக்காது. இந்த மாதங்களில் பார்க்காத கண்ணை மூளை ஒதுக்கிவிடுமாம். அப்புறம் கட்டி போனாலும் பார்வை சரியாக வராது. மாலதி என் சட்டைக் கையை விடவே இல்லை.

மருந்து: புரோப்ரனோலால். பெயரைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். மாமா நெஞ்சுப் படபடப்புக்குத் தினமும் விழுங்கும் அதே மாத்திரை! (மாமா, மாலதியின் அப்பா. பந்திங்கில் லோரி ஓட்டியவர். இப்போது எங்களோடு.)

"அதேதான் சார். அவருக்கு மாத்திரை, பாப்பாக்கு சிரப்," என்றார் டாக்டரம்மா. எங்கேயோ இதயக் கோளாறுக்காக இதைக் கொடுத்த குழந்தைக்கு முகத்துக் கட்டியும் சேர்ந்து சுருங்கியதாம். அப்படித்தான் தெரிய வந்ததாம். ஆகா! நாளை வார்டில் முதல் வேளை.

மாலை. என் வாய் சும்மா இருக்குமா? பதினைந்து வருடம் கெமிஸ்ட்ரி வாத்தியார். பரீட்சைத் தாளின் பின்பக்கம் படம் வரைந்தேன். இரட்டை வளையம், ஓர் ஆக்சிஜன், மூன்று கார்பன் சங்கிலி, அப்புறம் நைட்ரஜன். வகை: பீட்டா பிளாக்கர். அட்ரினலின் வந்து உட்காரும் இடத்தில் இது முன்னாடியே போய் உட்கார்ந்துகொள்ளும். இதயத்தில் உட்கார்ந்தால் துடிப்பு மெதுவாகும். கட்டியின் ரத்தக்குழாயில் உட்கார்ந்தால் குழாய் சுருங்கும். என்ன அழகு! அதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்த இரட்டை வளையம் இருக்கே, பீரோவுல போடுற பாச்சை உருண்டையோட அதே எலும்புக்கூடு!"

"பாச்சை உருண்டையா? என் பிள்ளைக்கா?" என்றாள் மாலதி.

வளையம்தான் ஒன்று, பொருளே வேறு என்று எவ்வளவோ சொன்னேன். காதில் வாங்கவில்லை.

மாமா மட்டும் சிரித்தார். "அதான் மாப்பிள்ளை, என் ரூமுக்குக் கரப்பான்பூச்சியே வர்றதில்ல."

மாலதி தட்டைத் தள்ளிவிட்டாள். "இனிமே இந்த மருந்தைப் பத்தி நீங்க வாயத் திறக்கவே கூடாது. குறைஞ்சாலும் சொல்லாதீங்க. கண்ணு பட்டுரும்."

சரி. எழுதுவது பேச்சில் சேராது.

ஜூன் 3, புதன்

வார்டு. ஏசி குளிர். ஊசி இல்லாத சிரிஞ்சில் சிரப்பை எடுத்துவிட்டு மாலதி அப்படியே நின்றாள். கை நகரவில்லை. பாச்சை உருண்டை வேலை செய்கிறது. எல்லாம் என்னால்தான்.

மாமா சட்டைப் பையிலிருந்து தன் மாத்திரையை எடுத்து அவள் முன்னாலேயே விழுங்கினார். "பாத்துக்க. தாத்தா முதல்ல, பேத்தி அடுத்து. குடு லா."

கொடுத்தாள். யாழினி முகத்தைச் சுளித்துவிட்டுச் சப்புக்கொட்டினாள். துடிப்பு பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள். சரியாக இருந்தது.

மறக்கக் கூடாதவை:
பால் குடித்த பிறகே மருந்து.
குடிக்கவில்லை, வாந்தி = அந்த வேளை கிடையாது. சர்க்கரை இறங்கிவிடும்.
மூச்சு இழுத்தால் நிறுத்து, ஓடி வா.
கை கால் சில்லென்று இருக்கலாம். பயப்படாதே. (இது எனக்கு.)

ஜூன் 6, சனி

நிறம்!! தக்காளிச் சிவப்பு போய்க் கத்தரிக்காய் நிறம். தொட்டால் மெத்தென்று இருக்கிறது. மாலதியும் பார்த்தாள். நான் பார்ப்பதையும் பார்த்தாள். இருவரும் வாயைத் திறக்கவில்லை. குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குத்தாட்டம்.

ஜூன் 19, வெள்ளி

வெயில். பாசாரில் கீரை, வெண்டைக்காய், மாமாவுக்கு வெற்றிலை. கீரை விற்கும் அக்கா யாழினியின் கன்னத்தைத் தட்டி, "அட, கட்டி கொறஞ்ச மாதிரி இருக்கே!"

"இல்லக்கா, அப்படியேதான் இருக்கு," என்றாள் மாலதி. கூசாமல் பொய். யாழினியைத் தோளில் போட்டுத் துண்டால் மூடி விறுவிறுவென்று நடந்து காடியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கீரையை நான்தான் வாங்கி வந்தேன். வெண்டைக்காய் மறந்துபோனது.

ஜூன் 28, ஞாயிறு

மழை. யாழினிக்குக் காய்ச்சல், இரண்டு முறை வாந்தி. பாலைத் தொடவில்லை. ஆகவே மருந்து இல்லை. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். "கொடுக்காதீங்க, பாப்பாவ இங்க கொண்டு வாங்க." போனோம். பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

மாலதி: "விட்டா திரும்ப வளர்ந்துருமா?"
"ஒண்ணும் ஆகாது," என்றேன். எனக்கே தெரியாது. பயமாக இருக்கிறது. வெறும் பயம்.

மாமா அவளைச் சீண்டக்கூட இல்லை. தன் மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டார்.

ஜூன் 30, செவ்வாய்

குடித்தாள்! முழு பாட்டில்! பிறகு மருந்து. வளரவில்லை, அப்படியேதான் இருக்கிறது. வகுப்பில் என்ன நடத்தினேன் என்று நினைவில்லை. பையன்களுக்கு ஹோம்வொர்க் கிடையாது என்று சொன்னேனாம்.

ஜூலை 21, செவ்வாய்

நாளை டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும். சாயங்காலம் மாலதி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். "நீங்களே மறைச்சுப் பாருங்க. எனக்குக் கை வரல."

வலது கண்ணை உள்ளங்கையால் மறைத்தேன். கத்தலுக்குக் காத்திருந்தேன்.

கத்தவில்லை. இடது கண், இமை நன்றாக மேலே ஏறியிருக்க, என் முகத்தையே பார்த்தது. சிரித்தாள். கையை நீட்டி, குறி தவறாமல் என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினாள்.

"பாக்குறா! அப்பா, பாக்குறாப்பா! கொறஞ்சிருச்சு! கண்ணு தெரியுது!" மாலதிதான். பக்கத்து வீட்டு ஆன்டி சன்னலைத் திறந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு.

கத்தி முடித்த பிறகுதான் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். உடனே சமையலறைக்கு ஓட்டம். உப்பு, காய்ந்த மிளகாய். குழந்தையைச் சுற்றிவிட்டு அடுப்பில் போட்டாள். நெடி தாங்காமல் யாழினியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மாமா இருமிக்கொண்டே பின்னால் வந்தார்.

"மாப்பிள்ளை, அவளே சொல்லிட்டா. இப்பவாச்சும் வாயத் திறங்க லா. அந்த வளையம், சங்கிலி, ஏதாச்சும் சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. கண்ணாடி இன்னும் யாழினியின் கையில்.